மூலிகை மாதிரி

டெய்லருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'இருக்கு' என்றோ 'இல்லை' என்றோ யாராவது சொல்லிவிட்டால் போதும், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அதற்காகத்தான் மூலிகைத் தர உறுதி வாரியத்தின் கீழ்த்தளத்தில், ஒரு கால் குட்டையான நாற்காலியில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தார். பைக்குள் ஒரு கிழங்குப் பொடிப் பாக்கெட். பாதி காலி.

அந்தப் பொடியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டெய்லர் சம்சாரத்துக்கு முட்டிவலி. சாதாரண வலி இல்லை, கட்டிலை விட்டு இறங்குவதற்குள் பாதிக் காலை போய்விடும். யாரோ சொல்லி அந்தப் பொடியைச் சாப்பிட ஆரம்பித்தாள். அட, நடந்துவிட்டாள்! மாடிப்படி ஏறினாள், துணி உலர்த்தினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட வாசல் வரைக்கும் போனாள். அதிலிருந்து அந்தப் பொடியை யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் தொலைந்தார்கள். அப்புறம் மெல்ல மெல்ல வேறொன்று ஆரம்பித்தது. வயிற்றைப் பிசைந்தது. வாயில் எதை வைத்தாலும் இரும்பு ருசி. விரல்கள் மரத்துப்போயின. டெய்லர் தைக்கிற சட்டைகளுக்கெல்லாம் பட்டன் வைப்பவள் அவள்தான். இப்போது பட்டன் விரலிலிருந்து நழுவினால் நழுவியதே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஈயம் ஏறியிருக்கும்மா. எங்கேருந்தோ உடம்புக்குள்ள போயிட்டே இருக்கு. எங்கேருந்துன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இல்லைன்னா கிட்னி, மூளை எல்லாத்தையும் பிடிச்சுடும்" என்றார்.

டெய்லர் வீட்டுக் குழாயை மாற்றினார். சுவரிலிருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டினார். சமையல் பாத்திரம் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினார். ஈயம் இறங்கினபாடில்லை. மிச்சமிருந்தது பொடிதான்.

"பொடி மேல பழி போடாதீங்க" என்றாள் அவள். "உங்க டாக்டரா என்னை நடக்க வெச்சார்?"

ஒரு தடவை பாக்கெட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுப் பார்த்தார். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. பாக்கெட் நிற்கவில்லை, தெருமுனைக் கடையிலிருந்து புதுசு வந்துவிட்டது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "அந்த வாரியத்துல ஏதோ மெஷின் இருக்காமே, டிவில காட்டினாங்களே. அது சொல்லட்டும், அந்த நிமிஷமே நிறுத்திடறேன். நீங்க சொல்லியும் நிறுத்த மாட்டேன், டாக்டர் சொல்லியும் நிறுத்த மாட்டேன்." அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எழுந்து நடக்கிறவளை மறுபடி போய்ப் படு என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

டிவியில் காட்டியதும் பொய்யில்லை. நகத்தளவு ஒரு தகடு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத நுண்துகள் பூச்சு. பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டால் போதும். துளி ஈயம் ஒளிந்திருந்தாலும் அந்தத் துகள்கள் மோப்பம் பிடித்துவிடும். பக்கத்திலிருக்கிற விளக்கு சிவப்பாக எரியும். சுத்தம் என்றால் பச்சை. கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. அந்த நகத்தளவுத் தகட்டுக்காகத்தான் மாடி மேல் மாடியாகக் கட்டி, மாடிக்கு மாடி அதிகாரிகளை உட்கார வைத்திருந்தார்கள்.

"அடுத்த ஆள்!" என்று கவுண்டரில் சத்தம் கேட்டதும் டெய்லர் துள்ளி எழுந்து ஓடினார்.

"ஏன் முண்டியடிக்கறீங்க? மனுஷன் மாதிரி வரிசையில வாங்க" என்றார் கவுண்டர்காரர்.

வரிசையில் டெய்லரைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் பின்னால் போய், ஒருமுறை நின்று, மறுபடி முன்னால் வந்தார். கவுண்டர்காரருக்கு அது திருப்தியாக இருந்தது.

"என்ன வேணும்?"

"இந்தப் பொடியில ஈயம் இருக்கான்னு பாக்கணும் சார்."

"மாதிரி கொண்டு வந்திருக்கீங்களா?"

"மாதிரி எதுக்கு சார்? பொடியே கொண்டு வந்திருக்கேன்."

கவுண்டர்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பொடியையெல்லாம் இங்க சோதிக்கறதில்ல. வெளிய எவ்ளோ பெருசா போர்டு வெச்சிருக்கோம். 'மூலிகை மாதிரி சோதனை நிலையம்'. படிக்கலையா?"

டெய்லருக்கு மாதிரி தெரியாதா என்ன? துணிக்கடையில் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுப்பார்களே, அதுதானே மாதிரி. "சரி சார், இதிலேருந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கோங்க. அதுதான் மாதிரி."

"அது எப்படி மாதிரியாகும்? நிறைய இருந்தா பொடி. சிட்டிகை எடுத்தா சிட்டிகைப் பொடி. பொடி எப்பவும் பொடிதான்."

"அப்போ மாதிரின்னா எது சார்?"

"அதைச் சொல்ற அதிகாரம் எனக்கில்ல. மேல மாதிரி அதிகாரி இருக்கார், போய்ப் பாருங்க."

லிஃப்ட் வாசலில் 'உணரிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. உணரி என்பது அந்தத் தகடுதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சாமானுக்கு ஆள் ஏறும் லிஃப்ட், ஆளுக்குப் படிக்கட்டு. டெய்லர் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார்.

மாதிரி அதிகாரி நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாக விளக்கினார். அவர் விளக்க விளக்கத்தான் டெய்லருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

"சட்டம் என்ன சொல்லுது? 'வாரியம் மூலிகை மாதிரியைச் சோதிக்க வேண்டும்.' கவனிச்சீங்களா? மூலிகையைன்னு சொல்லலை. மூலிகை மாதிரியை. ஆரம்பத்துல இங்க இருந்தவங்க அவசரக்காரங்க, மூலிகையவே எடுத்து சோதிச்சிட்டாங்க. என்னாச்சு? தினம் சிவப்பு, தினம் சிவப்பு. கம்பெனிக்காரங்க வந்து அழுதாங்க, கடைக்காரங்க வந்து அழுதாங்க. நான் அப்போ கடைநிலை உதவியாளர். ஒருநாள் உக்காந்து சட்டத்தைப் படிச்சேன். மூலிகை மாதிரின்னா என்ன? மூலிகையா இருக்கக் கூடாது. மூலிகை மாதிரி இருக்கணும்."

டெய்லர் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புலி மாதிரின்னா புலியா? எங்க மாமனார் புலி மாதிரிதான். அவரைக் கூண்டுலயா அடைச்சு வெச்சிருக்கோம்? இந்த நுணுக்கம் யாருக்கும் தோணலை, எனக்குத் தோணுச்சு. குழு போட்டோம். மொழி அறிஞர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

"நிஜமாவே மொழி அறிஞர்களா சார்?"

"அறிஞர் மாதிரி" என்றார் அதிகாரி, கொஞ்சமும் தயங்காமல். "அன்னைலேருந்து ஒரே பச்சை. எனக்கும் இந்த நாற்காலி கிடைச்சுது."

"அப்போ மூலிகையை எங்க சார் சோதிப்பாங்க?"

"அது எங்க துறை இல்லையே."

டெய்லர் தன் சம்சாரத்தின் விரல்களைப் பற்றிச் சொன்னார். பட்டனைப் பற்றிச் சொன்னார். நேற்று அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் கொப்பளித்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது என்றும் சொன்னார். அதிகாரி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு, இந்தக் கட்டடத்துல உணர்றதுக்குன்னு நியமிச்சிருக்கறது உணரியை மட்டும்தான். வாங்க, காட்டறேன்."

கண்ணாடி அறை. வெளியே தாழ்வாரத்தில் புழுக்கம் ஆளை வேகவைத்தது, உள்ளே ஜில்லென்று குளிர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேடை, மேடைமேல் கண்ணாடி மூடி, மூடிக்குள் மெத்தை, மெத்தைமேல் அந்தத் தகடு. வாசலில் நின்ற காவலாளி உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க, ஓய்வுல இருக்காங்க" என்றான்.

"உலகத்துலயே இவ்ளோ துல்லியமான உணரி கிடையாது" என்று அதிகாரி கிசுகிசுத்தார். "ஏன் தெரியுமா? நான் சட்டத்தைப் படிச்ச நாள்லேருந்து ஒரு மூலிகையக்கூட இவங்க கிட்ட அண்டவிட்டதில்ல. மூலிகை பட்டா துகள் கெட்டுடும்."

"மூலிகையைப் பாக்கத்தானே சார் இதையே செஞ்சாங்க?"

"நீங்க கேக்கற மாதிரிதான் எல்லாரும் கேக்கறாங்க" என்று அதிகாரி பெருமூச்சு விட்டார்.

கடைசியில் ஒரு உதவி செய்தார். டெய்லர் சொன்னதைப் புகாராக எடுத்துக்கொண்டு, பொடி தயாரிக்கும் கம்பெனியையே மாதிரி கொண்டுவரச் சொல்லுவதாகவும், புகார் கொடுத்தவர் என்ற முறையில் சோதனையன்று டெய்லர் கூடவே இருக்கலாம் என்றும் சொன்னார். உணரி முன்னால் டெய்லர் நிற்கலாம்! அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் அலைச்சல்தான். போனால், இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம், உணரிக்கு ஆகாது என்பார்கள். அடுத்த முறை போனால், வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்திருக்கிறார்கள், உணரி அவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்கிறது என்பார்கள். இன்னொரு நாள் உணரிக்கு விருது. தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சீருடைகள் மிஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தன. வீட்டில் அவள் படிக்கட்டில் கால் வைக்கிற இடம் தெரியாமல் தடுமாறினாள். பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சட்டென்று மறந்தாள். சண்டைக்காரி பெயரே மறந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டதே! ஆனாலும் காலையில் எழுந்ததும் பொடியை மட்டும் மறக்கமாட்டாள். பாக்கெட்டைப் பிரிக்க விரல் ஒத்துழைக்காது. "ஏங்க, கொஞ்சம் கலக்கிக் குடுங்களேன்" என்பாள். டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு, வெந்நீரில் போட்டு, கட்டியைக் கையாலேயே கரைத்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் அவளே தட்டுத்தடுமாறிக் கரைத்து, வெந்நீரைக் காலில் கொட்டிக்கொள்வாள். கொடுக்கிற ஒவ்வொரு நாளும் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒருவழியாகச் சோதனை நாள் வந்தது. மேல்மாடி அரங்கத்தில் வைத்தார்கள். நாற்காலி வரிசைகள், மைக், டிவி கேமரா எல்லாம் இருந்தன. மேடையில் உணரி, பக்கத்தில் இயக்குநர், மாதிரி அதிகாரி. கவுண்டர்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு வெள்ளை டப்பாவோடு வந்தார்.

"என்ன மாதிரி கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார் மாதிரி அதிகாரி.

"பிஸ்கட்டை அரைச்சது சார். கிழங்குப் பொடியோட அதே நிறம், அதே மென்மை. கரைச்சா அதே கலங்கல். ஆனா கிழங்கு மருந்துக்குக்கூட கிடையாது, நான் கேரண்டி."

"நல்லது. போன தடவை லேசா கிழங்கு வாசனை வந்துச்சு."

"அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கிட்டோம் சார்."

முன்வரிசையிலிருந்த டெய்லருக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. தான்தான் தப்பாகக் கேட்டோமோ என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் டீயில் பிஸ்கட் பொடியைக் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். மாதிரி மிச்சமாம். நல்ல தரம் என்று தலையாட்டினார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! மக்களின் உடல்நலம் எங்கள் உயிர்மூச்சு. அதனால்தான் மக்களையும் அவர்கள் உட்கொள்ளும் பொருட்களையும் உணரியின் அருகில் நாங்கள் அனுமதிப்பதே இல்லை. நாங்கள் மிகமிகச் சிறியவற்றைக் காண்பவர்கள். ஆகவே, ஒரு மனிதர் அளவுக்குப் பெரிய பொருள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று யாரும் குறை சொல்லக்கூடாது. முன்பெல்லாம் இந்த உணரி சிவப்பு காட்டியது. சிவப்பு காட்டினால் மக்கள் பயப்படுகிறார்கள். பயம் உடல்நலத்துக்குக் கேடு. அந்தக் கேட்டை நாங்கள் முற்றிலும் ஒழித்துவிட்டோம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். பிஸ்கட் கரைசலில் ஒரு சொட்டு தகட்டில் விழுந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. மறுபடியும் கைதட்டல். மாதிரி அதிகாரி பச்சை முத்திரை ஒட்டிய பாக்கெட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். 'நுண்துகள் உணரியால் மாதிரி சோதிக்கப்பட்டது' என்று அதில் மின்னியது. இனி கடைக்குப் போகிற எல்லாப் பாக்கெட்டிலும் அது இருக்குமாம். பாக்கெட் அதே பாக்கெட். உள்ளே அதே பொடி.

டெய்லர் அதுவரைக்கும் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அளவு தப்பாகச் சொல்லிவிட்டு வந்து கத்துகிற வாடிக்கைக்காரரிடம்கூட, "பிரிச்சுத் தெச்சுத் தரேன் சார்" என்பவர். அன்றைக்கு என்ன ஆனதோ.

"அடப்பாவிகளா!" என்று எழுந்தார். "பிஸ்கட்டுக்கா முத்திரை குத்தறீங்க? என் பொண்டாட்டி தினம் விழுங்கறது பிஸ்கட்டாய்யா? இதைப் பாருங்கய்யா, இதை!"

பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தார். காவலாளி இடுப்பைப் பிடித்தான். கவுண்டர்காரர் சட்டையைப் பிடித்தார். பிடியிலிருந்த பொடி முக்கால்வாசி கம்பெனி ஆள்மேல் கொட்டியது. ஆனாலும் டெய்லர் எட்டிவிட்டார். பொடி அப்பிய, வியர்த்த உள்ளங்கை அந்தத் தகட்டின்மேல் நச்சென்று பதிந்தது.

சிவப்பு! விளக்கு மட்டும் இல்லை, யாரும் எதிர்பார்க்காத ஒரு மணியும் சேர்ந்து அலறியது. அப்படி ஒரு மணி இருப்பதே அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. டெய்லருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிடைத்துவிட்டது அந்த ஒரு வார்த்தை!

"இருக்கு!" என்று கத்தினார். "பாத்தீங்களா? ஈயம் இருக்கு! எல்லாரும் பாத்தீங்கல்ல?"

எல்லோரும் பார்த்தார்கள்தான். இயக்குநர் மட்டும் பதறவில்லை. பெரிய பதவிக்கு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. மணி ஓயும் வரைக்கும் காத்திருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சோதனை நடந்துவிட்டது. முடிவை யாராலும் மறைக்க முடியாது, மறைக்கவும் மாட்டோம். ஈயம் இருக்கிறது. கேள்வி என்ன? எதில் இருக்கிறது?"

"பொடியில சார்! கையில இருக்கறது பொடி!"

"பொடி பாதுகாப்பானது என்று சற்று முன்புதான் உலகமே பார்க்க நிரூபிக்கப்பட்டது. பாதுகாப்பான பொடி பட்டுச் சிவப்பு எரியாது. ஆகவே சிவப்பு எரிந்தது கையினால்."

அரங்கத்தில் ஆமோதிக்கும் முணுமுணுப்பு எழுந்தது. மாதிரி அதிகாரிக்குத்தான் ஒரு சட்டச் சிக்கல் தோன்றியது. "சார், மாதிரியை மட்டும்தானே நாம சோதிக்கலாம்? இவர் மனுஷனாச்சே. சோதனை செல்லுமா?"

கவுண்டர்காரர் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "செல்லும் சார். முதல் நாளே நான் இவரை மனுஷன் மாதிரி வரிசையில வரச் சொன்னேன். வந்தார். நான் சாட்சி."

"மனுஷன் மாதிரி" என்று இயக்குநர் மெல்ல ருசித்துச் சொன்னார். "அப்படியானால் மாதிரிதான். சோதனை செல்லும்."

சோதிக்கப்பட்ட எதற்கும் முத்திரை ஒட்டாமல் வெளியே அனுப்பக்கூடாது என்பது விதி. வாரியத்தில் இருப்பது இரண்டே முத்திரைகள். பச்சை டெய்லருக்குப் பொருந்தாது. ஆகவே சிவப்பை எடுத்து அவர் சட்டையின் நெஞ்சுப்பக்கம் ஒட்டினார்கள். 'ஈயம் உள்ளது. உட்கொள்ளத் தகுந்ததல்ல. உணவு, மருந்துப் பொருட்களிலிருந்து தள்ளி வைக்கவும்.' சட்டை மாற்றினால் அதிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டு முத்திரையும் கொடுத்தார்கள். முதல் முறையாக ஒரு கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடித்த வாரியம் என்று மறுநாள் செய்தியில் வந்தது. உண்மையான மூலிகை பட்டுக் கெட்டுப்போன உணரிக்கு ஊழியர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள் என்பது அதில் வரவில்லை.

டெய்லர் வழியெல்லாம் அந்த முத்திரையைப் பிய்த்துப் பார்த்தார். துணி கிழிந்ததே தவிர முத்திரை வரவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தபோது அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவியில் அவர் கை, சிவப்பு விளக்கு. அவள் திரும்பி அவர் நெஞ்சைப் பார்த்தாள், எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள்.

"நீங்களா?" என்றாள்.

"ஐயோ, இல்லம்மா! அது பொடி! கையில பொடி இருந்துச்சு. அவனுங்க சோதிச்சது பிஸ்கட்டை. சட்டத்துல மாதிரின்னு இருக்காம், அதனால..." என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகத் தெரிந்தது. பிஸ்கட், புலி, மாமனார், மனுஷன் மாதிரி. கேட்கிறவள் எப்படி நம்புவாள்?

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அழுதாள். "குழாய்லயும் இல்ல, பெயின்ட்லயும் இல்ல, பொடியிலயும் இல்ல. தினம் உங்க கையாலதானே கலக்கிக் குடுத்தீங்க? பாவம், உங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா செய்வீங்களா நீங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மெஷின் சொன்னா கேக்கறேன்னு சொன்னேன். சொல்லிடுச்சு. பேச்சு மாற மாட்டேன்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் பச்சை முத்திரைப் பாக்கெட்டைப் பார்த்தார், சிவப்பு முத்திரை டெய்லரைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில், "எனக்கும் இந்தப் பொடி மேலதான் சந்தேகம். ஆனா வாரியம் பச்சை குத்தினதை நிறுத்துன்னு நான் வாயால சொன்னா என் லைசென்ஸ் போயிடும். சிவப்பு குத்தினதைத் தள்ளி வைங்கன்னுதான் சொல்ல முடியும்" என்றார். பேசும்போது அவர் டெய்லர் முகத்தைப் பார்க்கவில்லை. டெய்லரம்மாவுக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பஸ்ஸில் போனால் பக்கத்து ஊர். ஈயம் இறங்குகிற வரைக்கும் அங்கே இருப்பது என்று முடிவாயிற்று. டெய்லர் கெஞ்சினார். தங்கச்சிக்குப் போன் போட்டு, "பொடியை மட்டும் குடுக்காதேம்மா" என்றார். "அத்தான், நானும் டிவி பாத்தேன். முதல்ல உங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்று அவளும் வைத்துவிட்டாள். கடைக்கடையாக ஏறி இறங்கிச் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர்கள் அவர் கல்லாப்பக்கம் வருவதற்குள் சாமான்களை உள்ளே நகர்த்திவைத்தார்கள்.

பஸ் நிலையத்துக்குக் கூடவே போனார். அவளுடைய மரத்துப்போன விரல்களில் பை நிற்கவில்லை, ஒவ்வொரு நாலடிக்கும் நழுவியது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றாள் அவள், பயந்துபோன குரலில். "உள்ள மருந்து இருக்கு."

வழியில் போன யாரோ ஒரு பெண் பையை எடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஜிப் பாதி திறந்திருந்தது. துணிகளுக்கு மேலே பச்சை முத்திரை பளபளக்கப் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. இந்தத் தடவை மொத்தமாக வாங்கிவிட்டாள் போலிருக்கிறது. டெய்லர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கத்தலாம், பஸ் முன்னால் படுக்கலாம், பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். எதைச் செய்தாலும் பஸ்ஸிலிருக்கிற அத்தனை பேரும் அவர் சட்டையைத்தான் படிப்பார்கள்.

வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். தொட வந்தவள், ஞாபகம் வந்து, பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. என்னைப் பத்தி ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள். "இனிமே காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளைன்னு ரெண்டு வேளையும் குடிச்சு, சீக்கிரம் குணமாகி வந்துடறேன்."